படிக்கட்டில் பதினோரு நிமிடம்

கலவைக்காரரின் மகளைக் காவலர்கள் தூக்கிக்கொண்டு போனபோது அவரால் ஓடிப்போய்த் தடுக்க முடியவில்லை. கலவை டிரம் சுற்றிக்கொண்டிருந்தது. சிமென்ட், மணல், ஜல்லி, தண்ணீர் நான்கும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டால் அதற்கு மகள், மருமகள் எல்லாம் தெரியாது. கொட்ட வேண்டிய நேரத்தில் கொட்டாவிட்டால் டிரம்முக்குள்ளேயே இறுகிவிடும். பிறகு இரண்டு நாள் உளியை வைத்துக் கொத்த வேண்டும்.

"எங்கய்யா பாக்குற? கொட்டு!" என்று மேஸ்திரி கத்தினார்.

கலவைக்காரர் கொட்டினார். கொட்டிக்கொண்டே பார்த்தார். நகர மன்றப் படிக்கட்டின் ஆறாவது படியிலிருந்து மகளைத் தூக்கினார்கள். ஒருவர் கையைப் பிடித்தார், ஒருவர் காலைப் பிடித்தார், மூன்றாமவருக்குப் பிடிக்க ஒன்றும் மிச்சமில்லாததால் தலைமுடியைப் பிடித்தார். கூட உட்கார்ந்திருந்த ஐந்து பேரும் அப்படியே தூக்கப்பட்டார்கள். ஆறாவது படி சுத்தமானதும் ஒரு ஆள் வாளியோடு வந்து அதற்கு வெள்ளை அடிக்க ஆரம்பித்தான்.

கலவை எதற்கு என்று சொல்லிவிட வேண்டும். ஒரு சிலைக்குப் பீடம். ஐம்பது வருடங்களுக்கு முன்னால் இதே ஆறாவது படியில் உட்கார்ந்து போராடிய ஆறு இளைஞர்களின் நினைவாக வைக்கப்போகும் சிலை அது.

அந்த ஆறு பேரும் ஊருக்கு வெளியே இருக்கும் சூளை வரிசைக்காரர்கள். சுண்ணாம்புச் சூளையில் வேலை செய்கிறவர்களின் குடியிருப்பு. இந்த ஊரில் சுவர் என்று நிற்பது எல்லாம் அங்கே வெந்த சுண்ணாம்பில் நிற்பதுதான். ஆனால் ஓட்டுப் பட்டியலில் அந்த வரிசையில் ஒருவர் பெயரும் இருந்ததில்லை. பள்ளி தாண்டாத ஆறு பிள்ளைகள் போய்ப் படியில் உட்கார்ந்து, "எங்க பேரை எழுது" என்றார்கள். பதினோரு நாள் உட்கார்ந்தார்கள். ஒருத்திக்கு இடது கண் போனது. ஒருவன் லாக்கப்பிலிருந்து திரும்பி வரவே இல்லை. பன்னிரண்டாம் நாள் பெயர்களை எழுதினார்கள்.

இந்த வருடம் பட்டியல் புதிதாக வந்தது. சூளை வரிசையில் இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்களைக் காணவில்லை. கலவைக்காரர் பெயரும் இல்லை. காரணம் என்ற கட்டத்தில் எல்லாருக்கும் ஒரே வார்த்தை போட்டிருந்தது: இடம்பெயர்ந்தவர்.

அவர் பட்டியல் அலுவலகத்துக்குப் போனார்.

"நான் எங்கயும் போகலைங்க. அங்கயேதான் இருக்கேன்."

"இடம்பெயர்ந்தவர்னு இருக்கே?"

"அதைத்தாங்க சொல்றேன். பெயரவே இல்ல."

"நீங்க இப்போ எந்த ஊர்ல இருக்கீங்களோ, அந்த ஊர் அலுவலகத்துல போய் மனு கொடுங்க."

"இந்த ஊர்தாங்க."

"இந்த ஊர்ல இருந்துதான் நீங்க போயிட்டீங்களே" என்றார் அதிகாரி. கோபமே இல்லாமல் சொன்னார்.

மகள் சூளை வரிசை முழுவதற்கும் மனு எழுதினாள். ஒரு ஆளுக்கு மூன்று முறை எழுதினாள். மூன்று முறையும், மனுதாரர் மேற்படி முகவரியில் வசிக்காததால் மனு ஏற்கப்படவில்லை என்ற பதில், மேற்படி முகவரிக்கே தபாலில் வந்து சேர்ந்தது. ஓட்டுப் போட மூன்று வாரம் இருந்தது. வியாழக்கிழமை காலை அவளும் ஐந்து பேரும் போய் ஆறாவது படியில் உட்கார்ந்தார்கள்.

மின்பணிப் பயிற்சிப் பள்ளியில் அவள் கடைசி வருடம். வீட்டில் அவளைப் பாப்பா என்பார்கள். கூடப் படிக்கிறவர்கள் பியூஸ் என்று கூப்பிடுவார்கள். சூடு ஏறினால் பட்டென்று போய்விடுவாள், எல்லா விளக்கும் அணைந்துவிடும் என்பதால். அடுத்த புதன்கிழமை அவளுக்குக் கடைசிச் செய்முறைத் தேர்வு.

பீடத்தை முடித்துவிட்டுக் கையைக்கூடக் கழுவாமல் கலவைக்காரர் காவல் நிலையம் போனார்.

"என்ன குற்றம்ங்க?"

ஆய்வாளர் தாளைப் பார்த்துப் படித்தார். "போராட்டத்தின் பொன்விழாவுக்குப் போராட்டத்தின் மூலம் இடையூறு விளைவித்தல்." படித்துவிட்டு அவரே இன்னொரு முறை தனக்குள் படித்துப் பார்த்தார். "நான் எழுதலைய்யா. நினைவு வாரியத்துல இருந்து அப்படித்தான் புகார் வந்திருக்கு. ஞாயித்துக்கிழமை அவங்களுக்கு விழா. படி காலியா இருக்கணுமாம்."

"சின்னப் பிள்ளைங்க, விட்டுடுங்கய்யா."

"வாரியத்துல போய் ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க. விடுதலை செய்ய ஆட்சேபணை இல்லன்னு ரெண்டு வரி. திங்கட்கிழமை விடிஞ்சா வழக்கு பதிவாயிடும். பதிவானா பள்ளியில பேரை எடுத்துடுவாங்க. அப்புறம் தேர்வு எங்க எழுதுறது?"

கம்பிக்குப் பின்னால் மகள் நின்றிருந்தாள். காதுக்கு மேலே ஒரு பிடி முடி இல்லை. அந்த இடம் சிவந்திருந்தது.

"கலவை கொட்டிட்டியாப்பா?"

"கொட்டிட்டேன் பாப்பா."

"நல்லவேளை. இல்லன்னா உன்னையும் உள்ள போட்டிருப்பாங்க."

"மன்னிப்புக் கேட்டுடேன், கண்ணு. புதன்கிழமை பரீட்சை."

"உக்காந்ததுக்கு மன்னிப்பா? அவங்க உக்காந்ததுக்குச் சிலை வைக்கிறாங்க. நான் உக்காந்தா லாக்கப்பு. ரெண்டும் ஒரே படிதானேப்பா?"

கலவைக்காரர் யோசித்தார். அவருக்கும் அது புரியவில்லை. "அவங்க ஒழுங்கா உக்காந்திருப்பாங்க" என்றார்.

இளைஞர் உரிமைப் போராட்ட நினைவு வாரியம் இரண்டு மாடிக் கட்டடம். வாசலில் கண்ணாடிக்குள் பெரிய எழுத்தில் 'இளைஞனே, எழு!' என்று இருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'அனுமதியின்றி வாசலில் உட்காரக் கூடாது' என்று இருந்தது. இரண்டுக்கும் நடுவில் வாரியத் தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

உள்ளே ஒரு பெஞ்சு. அதில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். இடது கண் வெளுத்திருந்தது. கழுத்தில் ஒரு அட்டை தொங்கியது: 'பழைய இளைஞர்'.

"உனக்கு என்னப்பா வேணும்?" என்றார் அந்த அம்மா.

"ஒரு கடிதம்மா. நீங்க?"

"எனக்கு அந்தப் போராட்டத்துல இருந்தேன்னு ஒரு சான்று. ஆறு பேர்ல நான் ஒருத்தி. பதினேழு வயசு அப்போ. பதினொரு வருஷமா வந்துட்டிருக்கேன்."

"ஏன் தரமாட்டேங்கிறாங்க?"

"திட்டம் இளைஞருக்காம். விண்ணப்பிக்கிற தேதியில இருபத்தஞ்சு வயசுக்குள்ள இருக்கணுமாம். எனக்கு அறுபத்தேழு ஆயிடுச்சு." கையைத் தட்டிச் சிரித்தார். "நான் கேட்டேன், டேய் தம்பி, அம்பது வருஷத்துக்கு முன்னாடி போராடினவ இன்னிக்கு இருபத்தஞ்சு வயசுக்குள்ள இருக்கணும்னா, வயித்துக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே உக்காந்திருக்கணுமேடான்னு. அது கொள்கை முடிவுன்னுட்டான்."

முதல் அறை எழுச்சிப் பிரிவு. அங்கிருந்த எழுத்தர் மரியாதையானவர். நாற்காலி எல்லாம் போட்டார்.

"உங்க பொண்ணு போராட்டம் முடிஞ்சுடுச்சா?"

"இல்லைங்க. தூக்கிட்டுப் போயிட்டாங்க."

"அப்போ இங்க வராது. முடிஞ்ச போராட்டத்தைத்தான் நாங்க எடுத்துக்கறது. முடிஞ்சிருக்கணும், ஜெயிச்சிருக்கணும், இருபத்தஞ்சு வருஷம் ஆயிருக்கணும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை."

இரண்டாவது அறை தியாகப் பிரிவு. "அடி ஏதாவது பட்டிருக்கா?" என்று ஆவலாகக் கேட்டார்கள். முடி போனதைச் சொன்னார். அங்கிருந்தவர் ஒரு நீளமான தாளில் விரலை ஓட்டிப் பார்த்தார். கண் இருந்தது, பல் இருந்தது, விரல் இருந்தது. முடி இல்லை. "முடி திரும்ப வளர்ந்துடும். தியாகத்துல சேராது" என்று வருத்தப்பட்டார்.

மூன்றாவது அறை செயலாளருடையது. கதவுக்கு வெளியே வரை சத்தம் கேட்டது. விழாவில் அந்தப் போராட்டத்தை நடித்துக் காட்ட ஆறு இளைஞர்கள் வேண்டும். விண்ணப்பத்தில் 'எந்தப் போராட்டத்திலாவது கலந்துகொண்டது உண்டா?' என்று கேட்டிருந்தார்கள். உண்டு என்றவர்களைக் காவல் துறை தள்ளிவிட்டது. இல்லை என்றவர்களில் ஆறு பேரைப் பிடித்து, காலையில் ஒத்திகைக்கு உட்கார வைத்தால், கல் சுடுகிறது என்று நாலாவது நிமிடத்தில் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

"நாலு நிமிஷம்!" என்று செயலாளர் மேசையைக் குத்தினார். "அந்தக் காலத்துப் பிள்ளைங்க பதினோரு நாள் உக்காந்தாங்க. நாம கேக்கறது பதினோரு நிமிஷம். ஒரு நாளைக்கு ஒரு நிமிஷம். இந்தத் தலைமுறைக்கு உரிமை உணர்வே கிடையாது." அப்போதுதான் கதவருகே நின்றவரைப் பார்த்தார். "நீங்க யாரு?"

"என் பொண்ணு லாக்கப்ல இருக்குங்க. படியில உக்காந்ததுக்கு."

"எத்தனை பேரு?"

"ஆறு பேருங்க."

"வயசு?"

"பத்தொம்பது, இருபது."

செயலாளர் நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்தார். "நல்லா உக்காருவாங்களா?"

"அதுக்குத்தாங்க பிடிச்சிருக்காங்க."

செயலாளர் போனை எடுத்து ஆய்வாளரிடம் பேசினார். ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆறு பேரையும் வாரியத்துக்கு இரவல் தர வேண்டும். நல்லபடியாக உட்கார்ந்து, பதினோராவது நிமிடம் மணி அடித்ததும் எழுந்து, சிறப்பு விருந்தினர் கொடுக்கும் பழச்சாற்றை வாங்கிக் குடித்துவிட்டால் வாரியத்துக்கு ஆட்சேபணை இல்லை, விட்டுவிடலாம். அதற்குப் போராட்ட நிறைவுச் சான்று என்று ஒன்று உண்டு. விழா முடிந்த கையோடு தலைவர் வெளிநாட்டுக்கு ஒரு மாநாட்டுக்குப் போகிறார், அதனால் கையெழுத்து இப்போதே வாங்கிவிடலாம்.

பத்து நிமிடத்தில் ஆறு சான்றுகளும் தலைவர் கையெழுத்தும் சிவப்பு முத்திரையுமாக வந்தன. 'மேற்கண்டவர் ஞாயிறு முற்பகல் 11.11 மணிக்குப் போராட்டத்தை முடித்துக்கொண்டு எழுந்தார். வாரியத்தின் முன்னிலையில் விடுவிக்கப்பட்டார்.'

"இன்னும் எழுந்திருக்கவே இல்லைங்களே" என்றார் கலவைக்காரர்.

"எழுந்துடுவாங்க. நீங்க எழுதிக் கொடுக்கப் போறீங்க."

அவர் எழுதிக் கொடுத்தார். என் மகள் பதினோராவது நிமிடத்தில் எழுந்துவிடுவாள் என்று தகப்பன் என்ற முறையில் உறுதி கூறுகிறேன். கையெழுத்துப் போடும்போது விரலில் ஒட்டியிருந்த சிமென்ட் உதிர்ந்து தாளில் விழுந்தது. செயலாளர் அதை ஊதிவிட்டார்.

சான்றுகளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"கிடைச்சுதா?" என்றார் பெஞ்சிலிருந்த அம்மா.

"கிடைச்சுதும்மா."

"ஒரே நாள்லயா! நீ என்னப்பா, தியாகி யாரையாவது அடிச்சவரு பிள்ளையா?"

சனிக்கிழமை ஒத்திகை. ஆறு பேரையும் வண்டியில் கொண்டுவந்து, விலங்கைக் கழற்றி, ஆறாவது படியில் உட்கார வைத்தார்கள். வாரியம் ஒரு நடிப்புப் பயிற்சியாளரை வைத்திருந்தது. அவர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஏம்மா, முகத்துல இவ்வளவு கோபம் எதுக்கு?"

"உக்காந்தா அப்படித்தான் வருது" என்றாள் பியூஸ்.

"அன்னைக்கு யாருக்கும் கோபம் கிடையாது. லட்சியம்தான். கண்ணைக் கொஞ்சம் மேல தூக்கு. வானத்தைப் பாரு. யாரையும் குறிப்பா பாக்காத."

முழக்கத்தையும் வாரியம் திருத்தியிருந்தது. 'எங்க பேரை எழுது' என்பது ஒருமையில் இருப்பதால் மரியாதைக் குறைவு. புதிய முழக்கம்: 'எங்கள் பெயரை எழுதியவர்களே, நன்றி!'

"பதினோரு நாள் முடிஞ்ச பிறகு எழுதினதுக்கு, முதல் நாளே எதுக்கு சார் நன்றி?" என்றான் கூட இருந்த ஒருவன்.

"நேரம் கம்மி தம்பி. சேர்த்தே சொல்லிடணும்."

தடியடிக் காட்சியும் நீக்கப்பட்டிருந்தது. அடிக்கிற வேடத்துக்கு ஆள் கேட்டதற்குக் காவல் துறை ஐம்பது பேர் தருவதாகச் சொன்னது. விழா கெட்டுவிடும் என்று வாரியம் பயந்துவிட்டது.

பீடத்தருகே சிலை துணியால் மூடிச் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. பீடம் ஏழு நாள் தண்ணீர் குடித்து இறுகாமல் மேலே பாரம் ஏற்றக் கூடாது என்று கலவைக்காரர் சொல்லிவிட்டார். துணி ஓரத்தில் விலகியிருந்தது. நின்ற கோலத்தில் விரலை நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு ஆள். முகம் வாரியத் தலைவரைப்போல இருந்தது. உட்கார்ந்த சிலை சோம்பேறித்தனமாகத் தெரியும் என்று குழு முடிவு செய்திருந்தது.

கலவைக்காரர் மகளிடம் போனார். "பாப்பா, மணி அடிச்சதும் எழுந்துடணும். நான் எழுதிக் கொடுத்திருக்கேன்."

"சரிப்பா."

"பழச்சாறு தருவாங்க, குடிச்சிடு."

"சரிப்பா."

பியூஸ் இரண்டு முறை சரி என்றது அவருக்கு நினைவு தெரிந்து இதுவே முதல் தடவை. அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை படிக்கட்டுக்கு எதிரே பந்தல் போட்டு ஆயிரம் நாற்காலி. பந்தல் கட்டியது, நாற்காலி சுமந்தது, தண்ணீர் வைத்தது, கழிப்பறை கழுவியது எல்லாம் சூளை வரிசை ஆட்கள்தான். இடம்பெயர்ந்து போனவர்கள் விடியற்காலையிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தார்கள். படிக்கு மேலே, நகர மன்ற வாசலில், மேடை. சரியாகப் பதினொரு மணிக்கு ஆறு பேரும் உட்கார்ந்தார்கள். தலைவர் பேச ஆரம்பித்தார்.

"இளைஞர்களே! நீங்கள் இல்லையென்றால் இந்த வாரியம் இல்லை. இந்த வாரியம் இல்லையென்றால் இரண்டு மாடிகள் இல்லை, நாற்பது ஊழியர்கள் இல்லை, நான் இல்லை. அன்று ஆறு பேர் கல்லில் அமர்ந்தார்கள். அதனால்தான் இன்று நாங்கள் மெத்தையில் அமர்ந்திருக்கிறோம்."

கைதட்டினார்கள்.

"அந்த ஆறு பேரில் ஒருவர் திரும்பி வரவில்லை. அவர் பெயரை இந்த நேரத்தில் சொல்ல ஆசைப்படுகிறேன்." குறிப்புத் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் பார்த்தார். "பெயர் முக்கியமல்ல. உணர்வுதான் முக்கியம்."

கைதட்டினார்கள்.

"இந்தப் போராட்டத்தோடு எங்கள் குடும்பத்துக்கு நெருங்கிய தொடர்பு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. என் தந்தையார் அன்று இதே படிக்கட்டில்தான் பணியில் இருந்தார். பதினோரு நாளும் தடியைக் கீழே வைக்காமல் பணி செய்தார். அந்தக் கைவலி அவருக்குக் கடைசி வரை இருந்தது. அந்த வலியை யார் பேசுகிறார்கள்?"

கடைசி வரிசைக்கும் பின்னால், நாற்காலி கொடுக்கப்படாமல் நின்றிருந்த பழைய இளைஞர் தன் வெளுத்த கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணில் ஐம்பது வருடமாக நீர் வடிந்துகொண்டிருக்கிறது. வலியைப் பேசச் சொன்னதால் அவர் பேசினார். "உங்கப்பன் கை வலிச்சதாடா?" என்றார். ஒலிபெருக்கிச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. கலவைக்காரருக்குக் கேட்டது. அவர் பக்கத்தில்தான் நின்றார்.

மணி அடித்தது. பதினொன்று பதினொன்று.

சிறப்பு விருந்தினர் பழச்சாற்றுக் கோப்பையோடு ஆறாவது படிக்கு இறங்கி வந்தார். ஆறு பேரும் எழவில்லை. கோப்பையை நீட்டினார். யாரும் வாங்கவில்லை. கூட்டம் இதுவும் நடிப்பு என்று நினைத்து ரசித்தது.

பியூஸ் வானத்தைப் பார்க்கவில்லை. நேராகக் கூட்டத்தைப் பார்த்தாள். "எங்க பேரை எழுது!" என்றாள். பிறகு சூளை வரிசைப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். கையில் தாள் இல்லை. மூன்று முறை மனு எழுதியவளுக்குத் தாள் எதற்கு?

முதல் பெயர் தண்ணீர் வைப்பவருடையது. அவர் குடத்தோடு நடுவழியில் நின்றார். தயங்கினார். "இருக்கேன்" என்றார்.

இரண்டாவது பெயர் பந்தல்காரருடையது. "இருக்கேன்!" என்று தலைக்கு மேலே கம்பத்தின் உச்சியிலிருந்து சத்தம் வந்தது. கூட்டம் அண்ணாந்து பார்த்தது.

அடுத்த பெயருக்கு நாற்காலி அடுக்கிய பெண் பதில் சொன்னாள். அடுத்ததற்குக் கழிப்பறைப் பக்கமிருந்து துடைப்பத்தோடு ஒருவர் ஓடிவந்து சொன்னார். மேடைக்குப் பின்னால் ஒலிபெருக்கி வயரைப் பிடித்துக்கொண்டிருந்தவன் வயரை விடாமலே சொன்னான், அதனால் அது ஊர் முழுக்கக் கேட்டது. சொன்னவர்கள் எல்லாம் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுப் படிக்கு நடந்தார்கள். நடந்து போய் உட்கார்ந்தார்கள்.

செயலாளர் கலவைக்காரரிடம் ஓடிவந்தார். "யோவ்! எழுதிக் கொடுத்திருக்க! எழுந்திருக்கச் சொல்லு! நாளைக்கு வழக்கு, புதன்கிழமை பரீட்சை, மறந்துடுச்சா?"

மறக்கவில்லை. அவர் முன்னால் போனார். மகளுக்கு நேரே நின்று, எழுந்துவிடு என்று கையைக் காட்டினார். மகள் அவரையே பார்த்துக்கொண்டு அடுத்த பெயரைச் சொன்னாள். அது அவருடைய பெயர்.

இத்தனை வருடத்தில் அவரை யாரும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வேலையிடத்தில் கலவை, இல்லையென்றால் யோவ். மகளின் காதுக்கு மேலே அந்தச் சிவந்த இடம் அவருக்கு நன்றாகத் தெரிந்தது. வியாழக்கிழமை அவள் முடியைப் பிடித்துத் தூக்கியதை இதே இடத்தில் நின்றுதான் அவர் பார்த்தார். அன்று டிரம் சுற்றிக்கொண்டிருந்தது. இன்று கையில் ஒன்றும் இல்லை.

"இருக்கேன்" என்றார். போய் மகளுக்குக் கீழே ஐந்தாவது படியில் உட்கார்ந்தார்.

ஆய்வாளர் வந்தார். செயலாளர் அவரிடம், "பிடிங்க! எல்லாரையும் பிடிங்க!" என்றார்.

"ஐயா" என்று கலவைக்காரர் உட்கார்ந்தபடியே சட்டைப் பையிலிருந்து தாள்களை எடுத்து நீட்டினார். பயத்தில்தான் நீட்டினார். மகளை விடுவிக்கிற தாள், காரியம் கெட்டுப்போவதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தார்.

ஆய்வாளர் ஆறையும் படித்தார். நிதானமாகப் படித்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இதுல இந்த ஆறு பேரும் பதினொன்னு பதினொன்னுக்கு எழுந்துட்டாங்கன்னு இருக்கே."

"எழுந்திருக்கல! கண்ணு தெரியலையா?"

"தலைவர் கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கு. விட்டாச்சுன்னும் இருக்கு. அப்போ என் கணக்குல இவங்க படியில இல்ல. இல்லாதவங்களை நான் எப்படிங்க பிடிக்கிறது?"

"சான்று தப்புன்னு எழுதிக்கோங்க!"

"நீங்க எழுதிக் கொடுங்க. தலைவர் பாக்காமலே பொய்ச் சான்றுல கையெழுத்துப் போட்டாருன்னு. உடனே பிடிச்சுடறேன்."

செயலாளர் மேடையைப் பார்த்தார். மேடையில் தலைவர் விமானத்துக்கு நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்தவங்களையாவது பிடிங்க."

ஆய்வாளர் பட்டியலை வரவழைத்துப் பார்த்தார். "இவங்க எல்லாரும் ஊரைவிட்டே போயிட்டாங்களே?"

அவர் நல்லவர் என்று நினைத்துவிட வேண்டாம். வியாழக்கிழமை முடியைப் பிடித்தது அவருடைய ஆட்கள்தான். அவரிடம் இருந்தது பன்னிரண்டு பேர் ஏறுகிற ஒரு வண்டி. படியில் அதற்குள் நூறு பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

தலைவரால் இறங்கவும் முடியவில்லை, படி நிரம்பியிருந்தது. கழிப்பறை ஜன்னல் வழியாகப் பின்பக்கம் இறக்கினார்கள். சிறப்பு விருந்தினர் பழச்சாற்றை அவரே குடித்துவிட்டார்.

சாயங்காலத்துக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு பெயரும் சொல்லி முடிந்தன. பழைய இளைஞருக்கு இடமில்லை. இடுப்புக்குத் தாழ்ந்த இடம் ஒத்துக்கொள்ளாது என்று சுற்றுமுற்றும் பார்த்தவர், நேராகப் பீடத்திடம் போனார். கலவைக்காரர் கைகொடுத்து ஏற்றிவிட்டார். வசதியாகக் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"அம்மா, இறங்குங்க! அது இளைஞர் சிலைக்கான பீடம்!" என்று எழுச்சிப் பிரிவு எழுத்தர் பதறினார்.

"நான்தான்டா அது."

"இவ்வளவு பாரம் தாங்காதும்மா, ஏழு நாள் ஆகணும்னு அவரே சொன்னாரே!"

"சிலைக்குத்தாங்க ஏழு நாள்" என்றார் கலவைக்காரர். "இவங்களைத் தாங்கும். நான் போட்டது."

மூன்று நாள் உட்கார்ந்தார்கள். சூளை அணைந்து கிடந்தது. ஊரில் குப்பை அள்ள, சாக்கடை தள்ள, கல் தூக்க ஆளில்லை. ஆயிரம் நாற்காலியும் போட்ட இடத்திலேயே கிடந்தன. இடம்பெயர்ந்தவர்கள் இத்தனை பேர் இத்தனை வேலை செய்துகொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. ஒரு இரவு தண்ணீரைப் பீய்ச்சி அடித்துப் பார்த்தார்கள். இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. தியாகப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, எத்தனை தையல் என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்.

புதன்கிழமை காலை மகள் எழுந்திருக்க மாட்டேன் என்றாள்.

"போயிட்டு வா பாப்பா. உன் இடத்தை நான் பாத்துக்கறேன்."

"யாராவது தூக்கிட்டாங்கன்னா?"

"என் எடை உனக்குத் தெரியாது" என்றார். மகள் சிரித்துவிட்டு ஓடினாள். அவர் ஐந்தாவது படியிலிருந்து ஆறாவது படிக்கு ஏறி, அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தார்.

பத்து மணிக்குப் பட்டியல் அலுவலகத்திலிருந்து ஒரு மேசை வந்தது. படிக்கட்டின் அடியிலேயே அதைப் போட்டார்கள். பெயர்களை எழுதிக்கொள்ள மேலிடம் சம்மதித்துவிட்டது. ஆனால் நீக்கியது தவறு என்று ஒப்புக்கொள்ள விதியில் இடமில்லை. அதனால் புதிதாக ஒரு கட்டம் திறந்திருந்தார்கள்: இடம்பெயர்ந்து திரும்பியோர்.

தரை சரிவு. மேசை ஆடியது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஆடியது. அதிகாரி முதலில் கலவைக்காரரைக் கூப்பிட்டார். ஆறாவது படியைப் பழைய இளைஞர் பார்த்துக்கொள்வதாகப் பீடத்திலிருந்தே கையைக் காட்டினார்.

"எப்போ திரும்பினீங்க?"

"எங்கிருந்துங்க?"

"எங்கயாவது இருந்து. தேதி இல்லாம எழுத முடியாது."

கலவைக்காரர் யோசித்தார். "காலையில டீ குடிக்கப் போனேன். இப்போதான் வந்தேன்."

அதிகாரி அன்றைய தேதியை எழுதினார்.

மதியம் மகள் வந்தாள். கையெல்லாம் கரி, முகத்தில் ஒரு கோடு. "பரீட்சை எப்படிம்மா?" என்று கலவைக்காரர் கேட்டதற்கு, "விளக்கு எரிஞ்சுது" என்றாள்.

அவள் பின்னாலேயே வாரியத்தின் ஆள் ஒரு உறையோடு வந்தான். ஆறு இளைஞர்களின் பெயருக்கும் சேர்த்து ஒரே கடிதம். பியூஸ் சத்தமாகப் படித்தாள். 'தங்கள் போராட்டத்தை வாரியம் ஆர்வத்துடன் கவனித்து வருகிறது. இது முடிந்து இருபத்தைந்து ஆண்டுகள் நிறைவடைந்ததும், உரிய ஆதாரங்களுடன், வயது வரம்புக்கு உட்பட்டு விண்ணப்பிக்கவும்.'

பீடத்தின் மேலிருந்து பழைய இளைஞர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பத்திரமா வெச்சுக்கோ பாப்பா" என்றார் கலவைக்காரர். அவருக்கு முத்திரை என்றால் இன்னும் கொஞ்சம் பயம் இருந்தது.

மகள் கடிதத்தை இரண்டாக மடித்தாள். நாலாக மடித்தாள். இன்னும் கொஞ்சம் கனம் வேண்டும் என்று உறையையும் சேர்த்து மடித்தாள். குனிந்து, மேசையின் ஆடுகிற காலைத் தூக்கி அடியில் வைத்தாள். அழுத்திப் பார்த்தாள். ஆடவில்லை.

"எழுதுங்க" என்றாள் அதிகாரியிடம். "அடுத்த பேர்."